தாண்டிப் படித்த எட்டு வரிகள்

ஆயுத பூஜைக்கு ஒன்பது நாள் இருக்கையில் நவ்யா எழுதிய கட்டுரை ஒரு வாரப் பத்திரிகையில் வந்தது. முழுசாக ஒரு பக்கம். ரெட்டைச் சடை போட்ட பெண் ஒருத்தி பொட்டலத்தை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு நிற்பதுபோல மூலையில் ஒரு படமும் வரைந்திருந்தார்கள். கல்லூரியில் தமிழ்ப் பேராசிரியை அதைக் கத்தரித்து அறிவிப்புப் பலகையில் ஒட்டிவைத்தார். பி.ஏ. இரண்டாம் ஆண்டு படிக்கும் பெண்ணுக்கு இதற்கு மேல் என்ன வேண்டும்? ஒரு வாரம் அவள் கால் தரையில் பாவவில்லை.

அவள் அப்பா நரசிம்மலு கணபதி என்கிற பகுதியில் பம்ப் பட்டறை வைத்திருந்தார். நான்கு லேத், ஒரு டிரில்லிங் மிஷின், பதினோரு ஆட்கள். பட்டறைக்கு மேலேயே வீடு. மாடியில் தெலுங்கு, கீழே தமிழ் என்று வளர்ந்தவள் நவ்யா. கைக்குக் கிடைத்ததையெல்லாம் படிப்பாள். போண்டா கட்டி வந்த தாளைக்கூட விரித்துப் படித்துவிட்டுத்தான் எறிவாள். படிக்கிறவர்களுக்குத்தான் ஊர் சரியாகக் கண்ணுக்குத் தெரியும் என்பது அவள் எண்ணம். பண்டிகை நாளில் மற்றவர்கள் இலையைப் பார்த்துக்கொண்டிருக்க, அவள் ஆட்களைப் பார்ப்பாள். தீபாவளிக்கு யார் வீட்டு வாசலில் எவ்வளவு பட்டாசுக் குப்பை, கல்யாணப் பந்தியில் யார் யாருக்குப் பக்கத்தில் உட்காராமல் நழுவுகிறார்கள், எல்லாம் ஒரு நோட்டில் ஏறும்.

போன வருஷ ஆயுத பூஜையும் அந்த நோட்டில் ஏறியதுதான். அன்று ஆட்கள் குடும்பத்தோடு பட்டறைக்கு வருவார்கள். பூஜை முடிந்ததும் பொரி, கடலை, லட்டு, மிக்சர் வைத்துக் கட்டிய பொட்டலம் தலைக்கொன்று கிடைக்கும். லேத் ஓட்டும் கண்ணையாவின் மகள் லோகப்பிரியா அப்போது ஒன்பதாம் வகுப்பு. வந்து பொட்டலம் வாங்கிப் போனாள். கால் மணி நேரம் கழித்து மறுபடி வந்தாள். இரண்டாவது பொட்டலத்தைத் தாவணிக்குள் மறைத்துக் கொண்டுபோய், சுவரோரம் நின்ற அப்பாவின் சைக்கிள் பையில் செருகினாள். மாடி ஜன்னலிலிருந்து நவ்யா பார்த்தாள்.

கட்டுரையில் அது எட்டு வரியாக வந்திருந்தது. ‘அந்தச் சிறுமி இரண்டாம் முறை வரிசையில் நின்றதை யாரும் கவனிக்கவில்லை. நான் பார்த்தேன். வறுமை ஒரு குழந்தைக்குச் சொல்லிக்கொடுக்கும் முதல் பாடம் பொய்’ என்று முடியும் அந்த எட்டு வரியை அவள் நான்கு தடவை திருத்தி எழுதியிருந்தாள். கண்ணையாவின் பெயரை மாற்றாமலே போட்டாள். உழைக்கிற மனிதருக்கு அது மரியாதை என்று நினைத்தாள்.

பூஜையன்று காலை பட்டறை கழுவித் துடைத்து மணத்தது. லேத்துக்கெல்லாம் சந்தனமும் குங்குமமும் வைத்தாயிற்று. சரஸ்வதி படத்துக்கு முன்னால் போட்ட பலகையில் நவ்யாவின் புத்தகங்கள், பேனாக்கள், ஆட்களின் அளவுகோல்கள் எல்லாம் வரிசையாக இருந்தன. கண்ணையா மனைவியோடும் மகளோடும் வந்தார். மஞ்சள் பையிலிருந்து பாலிதீன் சுற்றிய ஒன்றை இரண்டு கையாலும் எடுத்தார்.

“முதலாளி, இதையும் சாமிகிட்ட வெச்சுக்கறனுங்க.”

“என்னப்பா அது?” என்றார் நரசிம்மலு.

“நம்ம அம்மணி எழுதுன பொஸ்தகமுங்க. என்ற பேரு அச்சுல வந்திருக்குதுல்லங்க. காந்திபுரம் பஸ் ஸ்டாண்டுல போயி வாங்கியாந்தேன். என்ற புள்ளயப் படமெல்லாம் போட்டிருக்குது பாருங்க, பொட்டலம் வாங்கிட்டு நிக்கறாப்பல.”

டிரில்லிங் மிஷின் திருமலைசாமி எட்டிப் பார்த்தார். “ஒரு பொட்டலத்துக்கே படம் போட்டிருக்காங்களா? போன வருசம் நான் மூணு லட்டுத் தின்னேன். எனக்கெல்லாம் அட்டையிலயே போட்டிருக்கோணுமே.”

எல்லாரும் சிரித்தார்கள். கண்ணையாவும் சிரித்தார். லோகப்பிரியா மட்டும் தூணுக்குப் பக்கத்தில் நின்று தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“எனக்கு எழுத்துக் கூட்டித்தான் வருமுங்க அம்மணி,” என்றார் கண்ணையா. “ஊட்டுல புள்ள ஒருக்கா படிச்சுக் காட்டுனா. இருந்தாலும் எழுதுனவங்க வாயால கேக்கோணும்னு ஒரு ஆசைங்க. இத்தன பேரு இருக்கறப்பவே படிச்சுப்போடுங்களேன்.”

தான் எழுதியது அதில் வருகிறவர்களின் கைக்கே போய்ச் சேரும் என்பது நவ்யாவுக்கு அதுவரை தோன்றியதே இல்லை. அந்த எட்டு வரியை இந்த மனிதரின் முகத்துக்கு நேராக, அவர் மனைவி பக்கத்தில் நிற்க, படிக்க வேண்டும். 

“பூஜையில வெக்கறதை இன்னிக்குப் படிக்கக் கூடாதுங்களே, கண்ணையாண்ணா.”

“ஆமாப்பா, அது முறையில்ல,” என்றார் நரசிம்மலு. “நாளைக்கு விஜயதசமி. புத்தகம் எடுக்கும்போது படிக்கட்டும்.”

“அதுவுஞ் செரிதானுங்க. நாளைக்குக் காத்தால வாரேன்.” கண்ணையா பத்திரிகையைப் பலகையில் வைத்து, அட்டையில் சந்தனம் தொட்டு வைத்தார்.

பொட்டலம் கொடுக்கிற வேலை எப்போதும் குமாஸ்தா பாலுசாமியுடையது. பட்டியலைப் பார்த்துப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்; இந்தத் தடவை நவ்யா எடுத்துக் கொடுத்தாள்.

“லோகப்பிரியா.”

“எனக்கு வேண்டாமுங்க,” என்றாள் அவள்.

“வாங்கு புள்ள, நோம்பியும் அதுவுமா வேண்டாங்கறா பாரு,” என்று அம்மா விலாவில் இடித்தாள். அவள் அசையவில்லை. கொஞ்ச நேரத்தில் கூட்டத்தில் காணாமல் போனாள்.

பாலுசாமி பென்சிலைக் காதில் செருகிக்கொண்டார். “போன வருசமும் இப்படித்தானுங்க அம்மணி. அவ தம்பி காமாலையில ஊட்டுல படுத்துக் கெடந்தான். பட்டியல்ல அவம்பேரும் இருக்குது, வாங்கிட்டுப் போ கண்ணுன்னா, மாட்டேன்னுட்டா. நாந்தான் மறுக்காக் கூப்புட்டுக் கையில திணிச்சேன். காமாலைக்காரனுக்கு மிக்சரான்னு அவங்கம்மா வையும்னு ஒளிச்சு எடுத்துட்டுப் போச்சு. ரோசக்காரப் புள்ளைங்க அது.”

நவ்யாவின் கையில் அடுத்த பொட்டலம் இருந்தது. யாருக்கென்று மறந்துவிட்டது. நான் பார்த்தேன், நான் பார்த்தேன் என்று அந்தச் சொல் காதுக்குள் சுடச்சுட வந்தது. மாடியிலிருந்து இருபது படி இறங்கி வந்து பாலுசாமியிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. கேட்டிருந்தால் அந்த எட்டு வரி கிடைத்திருக்காது.

பின்பக்கக் குழாயடியில் லோகப்பிரியா வெறுமனே கை கழுவிக்கொண்டிருந்தாள்.

“லோகா, அது உன் தம்பிக்குன்னு எனக்குத் தெரியாது.”

“பரவால்லீங்கக்கா.”

“யாராச்சும் ஏதாச்சும் சொன்னாங்களா?”

அவள் குழாயை மூடினாள். “தமிழ் மிஸ் கிளாஸ்ல படிச்சாங்க. கட்டுரைன்னா இப்படி எழுதோணும்னு. மிஸ்ஸுக்கு ஒண்ணும் தெரியாதுங்க. அப்பா பேரு, பம்ப் பட்டறை எல்லாம் இருந்துச்சுங்களா, புள்ளைங்களுக்குத் தெரிஞ்சுபோச்சு. இப்ப நான் தண்ணி குடிக்க ரெண்டாந்தரம் போனாக்கூட எண்ணறாங்க.”

நவ்யாவால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. ஈரமான கைகளைப் பார்த்தாள். “அப்பாவுக்கு?”

“அந்த எடம் வந்தப்ப தாண்டிப் போயிட்டனுங்க. நாளைக்கு நீங்களும் தாண்டிருங்க.”

“இல்ல லோகா. நான் எழுதினது தப்புன்னு எல்லார் முன்னாடியும் சொல்லிடறேன். மன்னிப்புக் கேட்டுடறேன்.”

“வேண்டாங்கக்கா.” முதல் தடவையாக அவள் நிமிர்ந்து பார்த்தாள். “எதுக்கு மன்னிப்புன்னு அப்பா கேப்பாரு. அப்பறம் அதைச் சொல்லோணும். அவரு நெம்ப சந்தோசமா இருக்காருங்க.”

அன்று மத்தியானம் பத்திரிகை ஆசிரியருக்கு மறுப்புக் கடிதம் எழுத நவ்யா உட்கார்ந்தாள். பேனா எல்லாம் பூஜையில் இருந்தன. சும்மா உட்கார்ந்து, எழுத வேண்டியதை மனசுக்குள் ஓட்டிப் பார்த்தாள். முதல் வாக்கியம் வந்தது. அழகாக வந்தது. தலைகுனிந்த எழுத்தாளர் ஒருத்தியின் கட்டுரைக்கு நல்ல தொடக்கம் என்று மனசு ஒரு கணம் குளிர்ந்துவிட்டது. அதை உணர்ந்ததும் உடம்பே கூசியது. லோகப்பிரியாவின் ஈரக் கைகள்கூட அந்த வாக்கியத்தில் இருந்தன.

மறுநாள் காலை கண்ணையா குளித்து, திருநீறு பூசி, மகளைச் சைக்கிளில் பின்னால் உட்காரவைத்து வந்தார். நரசிம்மலு கற்பூரம் காட்டிப் பலகையை லேசாக நகர்த்தினார். பாலுசாமியும் திருமலைசாமியும் பக்கத்து லேத்தில் சாய்ந்து நின்றார்கள். நவ்யா பத்திரிகையை எடுத்தாள். காய்ந்த சந்தனம் உதிர்ந்து பாவாடையில் விழுந்தது.

படிக்கத் தொடங்கினாள். கழுவிய பட்டறையின் வாசனை, தேங்காய் உடைத்த சத்தம், கண்ணையாவின் விரல்களில் கழுவினாலும் போகாத கிரீஸ் கறுப்பு. தன் பெயர் வந்த இடத்தில் கண்ணையா கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிமிர்ந்து நின்றார். அடுத்த பத்தியில் அந்த எட்டு வரி. நவ்யா தலை தூக்கினாள். லோகப்பிரியா அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். தாங்கள் இருவரும் சேர்ந்து செய்த ஏதோ ஒரு தப்பை இவள் காட்டிக் கொடுத்துவிடுவாளோ என்பதுபோல. அப்படி அந்தப் பெண் செய்த தப்பு ஒன்றுமே இல்லை.

நவ்யா தாண்டினாள். குரல் தடுக்கவில்லை. எட்டு வரிக்கு அப்பால் இருந்த வாக்கியம் முந்தையதோடு அவ்வளவு சுலபமாக ஒட்டிக்கொண்டது. அந்த எட்டு வரி இல்லாமலே கட்டுரை நன்றாக இருந்தது.

படித்து முடித்ததும் கண்ணையா கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

“என்ற புள்ள படிச்சாப்பலயே இருக்குதுங்க அம்மணி. ஒரு எழுத்து மாறல.”

“படிச்ச புள்ளைங்க ரெண்டும்,” என்றார் பாலுசாமி.

“கண்ணையாண்ணா,” என்றாள் நவ்யா, பத்திரிகையை நீட்டாமலே. “இந்தப் புத்தகத்தை எங்கிட்டயே குடுத்துடறீங்களா?”

“உங்ககிட்ட இல்லாததுங்களா?” அவர் சிரித்துக்கொண்டே வாங்கிப் பாலிதீனைச் சுற்றினார். “பிரேம் போட்டு ஊட்டுல மாட்டப் போறனுங்க. சின்னவன் இப்ப மூணாங்கிளாசு. எழுத்துக் கூட்டறான். அடுத்த நோம்பிக்கு அவனையே படிக்கச் சொல்லிப்போடறேன்.”

பத்திரிகையைச் சைக்கிள் பையில் செருகினார். லோகப்பிரியா பின்னால் ஏறி உட்கார்ந்தாள். வளைவில் திரும்பும்வரை பையின் வாயை ஒரு கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டே போனாள்.