துரையின் ஒற்றை மூக்கு

அன்று மலையில் நானும் நின்றேனா, அல்லது படத்தைப் பார்த்துப் பார்த்து நின்றதாக நம்பிக்கொண்டேனா என்று இப்போது சந்தேகமாக இருக்கிறது. தொண்ணூற்றாறோ ஏழோ. ஹட்டனுக்கு அருகே ஒரு தேயிலைத் தோட்டத்து ஆபீஸில் நான் கிளாக்கராக இருந்தேன்.

கம்பெனி கலண்டருக்காக ஆண்டுதோறும் கொழுந்து பறிக்கும் படத்தை எடுப்பவர், ஹட்டனில் ஸ்டூடியோ வைத்திருந்த ராசிக். அவருக்குக் கை நடுங்கத் தொடங்கியிருந்தது. முந்தின வருடக் கலண்டரில் தோட்ட மனேஜரான துரைக்கு இரண்டு மூக்கு.

"இந்த முறையும் இப்படின்னா கொழும்புல இருந்து ஆள் வரும்," என்று துரை சொல்லிவிட்டார். தோட்டம் கைவிட்டால் கலியாண வீடுகளும் கூப்பிடாது என்பது ராசிக்குக்குத் தெரியும்.

டுபாயில் இருந்த அவருடைய மச்சான் ஒரு லென்ஸ் அனுப்பினார். அதில் ஒரு சுவிட்ச். போட்டால் உள்ளே மெல்லிய இரைச்சல் கேட்கும். கை ஒரு பக்கம் ஆடினால், உள்ளிருக்கும் கண்ணாடி நகர்ந்து அதை ஈடுகட்டும்.

"ஆட்டத்த நிப்பாட்டுமா?" என்று துரை கேட்டார்.

"ஆட்டமே தெரியாது, சேர்," என்றார் ராசிக். அன்று அவரால் வேறு பதில் சொல்ல முடியாது.

துரை அதைத் தமக்கு வசதியாக விளங்கிக்கொண்டார். வழக்கமாகப் படத்துக்குப் பெண்கள் பறிப்பதை நிறுத்தி, கொழுந்தைப் பிடித்தபடி சிலைபோல நிற்பார்கள். இனி அந்த நேரமும் மிச்சம்.

மலையில் பனிமூட்டம். வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கு நல்லமுத்து கத்தினார். "ஒருத்தரும் கைய நிப்பாட்டப்படாது! புது லென்ஸாம், எல்லாத்தையும் அதுவே பாத்துக்குமாம்!"

"அப்ப கொழுந்தையும் அதுவே பறிச்சிடுங்களா, ஐயா?" என்றார் கொழுந்து பறித்துக்கொண்டிருந்த காளியாயி. நிரை முழுக்கச் சிரித்தது.

ராசிக் கேமராவை இறக்கினார். "சேர், வெளிச்சம் பத்தாது. இது என்ட கை ஆட்டத்துக்குத்தான். அவங்கட கைக்கு இல்ல. கொஞ்சம் நிக்கச் சொல்லுங்க."

"போன வருசம் நல்ல வெளிச்சம் இருந்ததே," என்றார் துரை.

ராசிக் சுவிட்சைப் போட்டார்.

கண்டியில் கழுவி வந்த படத்தில் பாறை, தேயிலைச் செடிகள், கண்டாக்கின் குடை, துரையின் ஒற்றை மூக்கு எல்லாம் துல்லியம். பெண்கள் மட்டும் புகை. துரை படத்தை நெடுநேரம் பார்த்தார். ராசிக் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார்.

"நல்லா வந்திருக்கு," என்றார் துரை.

'எங்கள் உழைப்பாளிகள்' என்ற வரியோடு கலண்டர் அச்சாகி வந்தது. லயத்து வீட்டுச் சுவரில் அதை மாட்டிவிட்டுக் காளியாயி தன்னைத் தேடினார்.

"வேல செஞ்ச நாங்கல்லாம் ஆவியா போயிட்டோம். சும்மா நின்ன ரெண்டு பேரும் என்னா தெளிவா இருக்காங்க, பாருங்கடி!"

நான் அந்தப் படத்தில் இல்லை. நின்றிருந்தால் தெளிவாகத்தான் விழுந்திருப்பேன்.

துரை கொழும்புத் தலைமை அலுவலகத்துக்கு உயர்ந்து போனார். நல்லமுத்து ராகலையில் மகள் வீட்டில் இருக்கிறார். ராசிக் இன்னும் ஏழெட்டு வருடம் கலண்டர் படம் எடுத்துவிட்டு, ஸ்டூடியோவை மகன் சப்ராஸிடம் விட்டார். காளியாயி இரண்டாயிரத்து ஆறில் காலமானார். சாவு வீட்டில் வைக்க அவருடைய அடையாள அட்டைப் படத்தைப் பெரிதாக்கினார்கள். அதுவும் ராசிக் எடுத்ததுதான், கை நடுங்கத் தொடங்குவதற்கு முன்.