பூட்டுக்காரரின் பூட்டிய கிளை

சாவி வெட்டும் இயந்திரத்தைத் துணியால் துடைத்துவிட்டுப் பூட்டுக்காரர் நாற்காலியில் உட்கார்ந்தார். காலையிலிருந்து அவர் பார்த்த வேலை அது ஒன்றுதான். எதிரே கொக்கிகளில் தொங்கிய வெற்றுச் சாவிகள் மின்விசிறிக் காற்றில் ஒன்றோடொன்று மோதிக் கிணுகிணுத்தன.

"துடைச்ச இடத்தையே துடைச்சா இயந்திரம்தான் தேயும்" என்றாள் அவர் மனைவி. "இப்பல்லாம் சாவி தொலைஞ்சா யாரும் தெருவுல கடை தேட மாட்டாங்க, போன்லதான் தேடுவாங்க. அதுல நம்ம கடை எங்க இருக்கு தெரியுமா?"

"எங்க இருக்கு?"

"ஏழெட்டுப் பக்கம் தள்ளிப் போகணும். அதுக்குள்ள தொலைஞ்ச சாவியே கிடைச்சிடும்."

அவர் சிரித்தார். ஆனால் சிரிப்பு உதட்டோடு நின்றுவிட்டது. இந்தக் கடை மூடினால் அவருக்கு வேறு தொழில் தெரியாது. ஊரில் எந்தக் கதவையும் திறக்கத் தெரிந்த மனிதருக்குத் தன் கடைக்கு ஆள் வரவழைக்கும் வழி மட்டும் தெரியவில்லை.

அப்படித்தான் அந்த இளைஞன் வந்து சேர்ந்தான். கடைகளின் இணையதளத்தைத் தேடலில் மேலே ஏற்றிவிடுவது அவன் தொழில். பூட்டுக்காரரின் மனைவி அவனுக்கு ஏணிக்காரன் என்று பெயர் வைத்தாள். ஆள் கெட்டிக்காரன்தான், அதில் குறை சொல்ல முடியாது.

"அண்ணே, 'பூட்டுத் தொழில் வல்லுநர்'னு எழுதி வச்சிருக்கீங்க. வீட்டுக்கு வெளியில மாட்டிக்கிட்டு முழிக்கிறவன் அப்படியா தேடுவான்? 'சாவி உள்ள மாட்டிக்கிச்சு, என்ன பண்றது'ன்னுதான் அடிப்பான். அவன் வார்த்தையில நாம எழுதணும்."

அப்படியே எழுதினான். பூட்டுகளைப் படம் பிடித்துப் போட்டான். எந்த வேலைக்கு எவ்வளவு நேரம் பிடிக்கும் என்று தனித்தனியாகப் பக்கம் வைத்தான். மெல்ல மெல்ல அழைப்புகள் வர ஆரம்பித்தன. அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆசை யாரை விட்டது?

"இன்னும் மேல போகணும்னா ஒரு வழி இருக்குண்ணே" என்றான் ஒரு நாள். "தேடுறவங்களுக்குப் பக்கத்துல இருக்குற கடையைத்தான் போன் முதல்ல காட்டும். அதனால நீங்க எல்லார் பக்கத்துலயும் இருக்கணும்."

"நான் ஒரு ஆளுதானப்பா?"

"நீங்க ஒரு ஆளு. உங்க கிளை எத்தனை வேணாலும் இருக்கலாமே! ஊருக்கு அந்தக் கோடியில எங்க பெரியப்பா வீடு சும்மா பூட்டிக் கிடக்கு. போன் வரைபடத்துல அங்க நம்ம கடைன்னு ஒரு புள்ளி வைப்போம். உள்ள ஒரு போனைச் சார்ஜில போட்டு வச்சிடுறேன். அதுக்கு வர்ற அழைப்பு தானா உங்க போனுக்கு வந்துடும். நீங்க கிளம்பிப் போயிடுங்க. யாருக்கு என்ன நஷ்டம்?"

"இல்லாத கடையை இருக்குன்னு சொன்னா அது பொய் இல்லையா?" என்று மனைவி இழுத்தாள்.

"பொய் இல்லக்கா. ஏற்பாடு."

பூட்டுக்காரர் வாயைத் திறக்கவில்லை. வேண்டாம் என்று சொல்லாதது சரி என்று சொன்னதற்குச் சமம் என்பது ஏணிக்காரனுக்குத் தெரியும்.

கடை களைகட்டியது. அந்தக் கோடியிலிருந்தும் சில அழைப்புகள் வந்தன, போய்த் திறந்துகொடுத்தார். பிறகு அங்கிருந்து வருவது நின்றுபோனது. வேலை நெருக்கத்தில் அவர் அதைக் கவனிக்கவில்லை.

ஒரு நாள் மனைவி போனைப் பார்த்தபடி, "இதைக் கேளுங்க" என்றாள். குரல் ஒரு மாதிரி இருந்தது. கிளையைப் பற்றி வாடிக்கையாளர்கள் எழுதிய கருத்துகளை அவள் வாசித்தாள். 'உள்ளே ஆள் இருக்கிறது, கதவைத் திறப்பதில்லை' என்று ஒருவர் எழுதியிருந்தார். 'தட்டத் தட்ட உள்ளே ஏதோ சத்தம் கேட்கிறது, யாரும் வருவதில்லை' என்று இன்னொருவர். 'இங்கே யார் இருக்கிறீர்கள்?' என்று மட்டும் ஒருவர் கேட்டிருந்தார்.

"அந்த வீட்டுல யாரு இருக்கா?"

"யாருமில்ல. பூட்டின வீடு."

"போய்ப் பாத்துட்டு வாங்க. பேயாவே இருந்தாலும் நம்ம பேர்லதான் கடை நடத்துது."

அவள் கேலியாகத்தான் சொன்னாள், ஆனால் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. அவர் கருவிப் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

நடுப்பகல். அந்தச் சந்தில் ஈ காக்கை இல்லை. பூட்டிய வீடு தெருவின் வளைவில் தனியாக இருந்தது. கிட்டே போனதும் அவர் கால்கள் தாமாக நின்றன. கதவு முழுக்கப் புழுதி படிந்திருந்தது. அந்தப் புழுதியில் கைகள் தெரிந்தன. விரித்து அறைந்த உள்ளங்கைகள், மூடிக் குத்திய முட்டிகள், ஒன்றன் மேல் ஒன்றாக, கதவின் உயரத்துக்கும். சிலவற்றின் மேல் மறுபடி புழுதி படிந்து மங்கியிருந்தது. கீழே, அவர் முழங்கால் உயரத்தில், ஒரு சின்னஞ்சிறு கையும் இருந்தது.

பூட்டுக்காரருக்கு ஒரு வழக்கம் உண்டு. காலி வீடு என்று சத்தியம் செய்து சொன்னாலும், முதலில் தட்டி, ஆள் இருக்கிறதா என்று கேட்காமல் பூட்டில் கை வைக்க மாட்டார். இங்கும் தட்டினார்.

"உள்ள யாராவது இருக்கீங்களா?"

உள்ளே மணி அடித்தது.

விடாமல் அடித்த மணி, ஓய்ந்து, மறுபடியும் அடித்தது. போன் சத்தம் என்று புரிந்துகொள்ளவே அவருக்குச் சற்று நேரம் பிடித்தது. பூட்டு இவர் கைக்குச் சாதாரணம்தான். ஆனாலும் அன்று கம்பி இரண்டு தடவை நழுவியது. திறந்து உள்ளே போனவர், வழக்கப்படி கதவைச் சாத்திப் பூட்டு சரியாக விழுகிறதா என்று பார்த்தார். சாத்திய பிறகுதான் உள்ளே எவ்வளவு இருட்டு என்று தெரிந்தது.

பின்னறையில் தரையில் கிடந்தது போன். அதன் வெளிச்சம் வெறும் சுவரில் விழுந்து அணைந்து, மறுபடி விழுந்தது. இங்கு வரும் அழைப்பு அவருக்கு மாறி வரும் ஏற்பாடு எப்போதோ அறுந்திருந்தது. வந்த அழைப்பெல்லாம் இந்த அறையிலேயே அடித்து அடித்து ஓய்ந்திருக்கிறது. குனிந்து எடுத்தார்.

"எடுத்துட்டீங்களா!" ஒரு பெண்ணின் குரல், மூச்சு வாங்கியது. "வாசல்லதான் நிக்கிறேன். கதவைத் திறங்களேன்!"

அதே நேரத்தில் வாசற்கதவு இடிபட்டது. அந்தக் குரல் காதுக்குள்ளும் கதவுக்கு அப்பாலும் ஒன்றாகக் கேட்டது. ஓடிப் போய்த் திறந்தார்.

நடுவயதுப் பெண் ஒருத்தி, உள்ளங்கை முழுக்கப் புழுதியோடு நின்றாள்.

"அப்பா உள்ள தாழ்ப்பாள் போட்டுக்கிட்டாருங்க, கூப்பிட்டாச் சத்தமே இல்ல. அடுத்த தெருதான். காலையிலயும் வந்து தட்டினேன். போன் பண்ணா உள்ள மணி அடிச்சுது. ஆள் இருக்கு, இப்ப வந்துடுவாங்கன்னு இங்கயே நின்னுட்டேன். திரும்பப் போய் அவரைக் கூப்பிட்டுப் பாத்துட்டு மறுபடி ஓடி வரேன்..."

அவர் பையை எடுத்துக்கொண்டு அவளோடு ஓடினார். அந்த வீட்டுக் கதவையும் பழக்கத்தில் ஒரு முறை தட்டினார். பதில் இல்லை. பூட்டென்றால் கம்பி போதும், தாழ்ப்பாளைக் கழற்ற இடுக்கில் தகடு விட்டு மல்லுக்கட்ட வேண்டியிருந்தது. கதவு திறந்தபோது பெரியவர் கட்டிலுக்குக் கீழே கிடந்தார். உதடு வெடித்திருந்தது. கண் மட்டும் கதவையே பார்த்துக்கொண்டிருந்தது. உயிர் இருந்தது.

ஆம்புலன்ஸில் ஏற்றும்போது அதில் வந்தவர், "இன்னும் கொஞ்சம் சீக்கிரம் கூப்பிட்டிருந்தா ஒரு பக்கக் கைகால் இழுத்திருக்காது" என்றார்.

பூட்டுக்காரருக்கு அதை மறைத்துக்கொண்டு நிற்க முடியவில்லை. "அம்மா, அங்க கடை கிடையாது. என் கடை ஊருக்கு அந்தப் பக்கம். நிறையப் பேர் வரணும்னு வரைபடத்துல பொய்யா ஒரு புள்ளி வச்சோம்" என்று சொல்லிவிட்டார்.

அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் அவருக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

"அங்க கடை இல்லைன்னு தெரிஞ்சிருந்தா தீயணைப்புக்காரங்களைக் கூப்பிட்டிருப்பேன். அக்கம்பக்கத்தைக் கூப்பிட்டுக் கதவை உடைச்சிருப்பேன். இருக்குன்னு நீங்க சொன்னதாலதானே நின்னேன்?"

வண்டியில் ஏறப் போனவளை அவர் தயங்கித் தயங்கிக் கேட்டார். "காலையில வந்தப்ப உங்க பிள்ளையும் கூட வந்துச்சாம்மா?"

"எனக்குப் பிள்ளை இல்லீங்க" என்றாள் அவள்.

திரும்பிப் போய் அந்தப் போனைப் பிடுங்கிப் பையில் போட்டுக்கொண்டார். கதவைப் பூட்டும்போது கீழே இருந்த சின்னக் கையைப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. எந்தப் பிள்ளை அது? யார் உள்ளே மாட்டிக்கொண்டதற்காக ஓடி வந்தது? யார் திறந்துவிட்டார்கள்? திறந்தார்களா? ஊரிலுள்ள பூட்டையெல்லாம் திறக்கும் அவருக்கு அந்தப் புதிர் மட்டும் திறக்கவே போவதில்லை. துடைக்கத் துணியை எடுத்தவர், துடைக்க மனம் வராமல் மடித்து வைத்துக்கொண்டார்.

மறுநாள் ஏணிக்காரன் தலையில் அடித்துக்கொண்டான். "அழைப்பு மாறலைன்னா அது சின்னக் கோளாறுண்ணே, சரி பண்ணிடலாம். கிளையை எடுத்தா மறுபடி கீழே போயிடுவீங்க. பழையபடி ஈ ஓட்ட வேண்டியதுதான்!"

"எடு" என்றார் பூட்டுக்காரர். "எடுத்துட்டு, முதல் பக்கத்துல நான் சொல்றதை எழுது. எங்களுக்கு ஒரே கடைதான். தூரமா இருந்தா வந்து சேர நேரமாகும். உள்ள ஆள் மாட்டிக்கிட்டா எங்களுக்காகக் காத்திருக்காதீங்க, தீயணைப்புக்காரங்களைக் கூப்பிடுங்க."

"வர்ற ஆளைப் போகச் சொல்றீங்களே? இதைப் போட்டா யாருண்ணே நம்ம பக்கத்துக்கு வருவா?"

"வர்றவங்க வரட்டும்" என்றாள் மனைவி. "நீ முன்னால எழுதிக் குடுத்ததெல்லாம் நிஜம். அதுக்கு வந்தவங்க இன்னும் வர்றாங்கல்ல? அது போதும்."

ஏணிக்காரன் முணுமுணுத்துக்கொண்டே மடிக்கணினியைத் திறந்தான். அப்போது பாதி இறக்கியிருந்த கடையின் இரும்புக் கதவை வெளியிலிருந்து யாரோ தட்டினார்கள். பூட்டுக்காரர் நாற்காலி கவிழ எழுந்தார்.

"வந்துட்டேன், வந்துட்டேன்!" என்று குரல் கொடுத்தவர், கதவுக்குப் போகும் வழியில் நின்று அவனைப் பார்த்துச் சொன்னார்:

"தேடுறவங்க கண்ணுக்கு முதல்ல தெரியிறது பெருசில்லப்பா. நம்மள நம்பி வந்து தட்டுறப்ப உள்ள ஆள் இருக்கணும்."