தோசை மாவுக்காக அடைத்த குழாய்

நோர்வேயில், குரோருட்டில் இருபத்தாறு வருடமாக இருக்கிறேன். என் வீட்டில் குழாய் திருத்த, பல்பு மாற்ற வெளியாள் வந்தது கிடையாது. எல்லாம் நானே. சுடுதண்ணீர்த் தாங்கி கிழடாகி உறுமத் தொடங்கியதால்தான் வேறு வழியின்றி ஆளைக் கூப்பிட்டேன். வந்தவள் நிலூஜா, இங்கே பிறந்து, குழாய் வேலையை முறையாகப் படித்த பிள்ளை.

“பழசைக் கழட்டிப்போட்டு அதே இடத்திலை புதுசை வைச்சால் சரிதானே, பிள்ளை?”

“இல்லை அங்கிள். இந்தச் சாமான் அறையிலை ஸ்லுக் இல்லை, தண்ணி வடிய வழியில்லை. அப்ப ஒழுகினால் தானாத் தண்ணியைப் பூட்டிற கருவி ஒண்டு கட்டாயம் போடவேணும். பிளக்கிலையும் குத்தேலாது, எலெக்ரிக்கர் வந்து நேரா இணைக்கவேணும்.”

எனக்கு எரிச்சல் பற்றிக்கொண்டு வந்தது. இதெல்லாம் இல்லாமல் இத்தனை காலமும் நாங்கள் குளிக்கவில்லையா? நோர்வேக்காரனுக்கு எதற்கெடுத்தாலும் சட்டம் என்று முணுமுணுத்தேன்.

தாங்கியிலிருந்து கீழே இறங்கும் சிறு குழாயில் டோர்ச் அடித்தபடி குந்தியவள், அதன் வாயிலிருந்த மூடியைத் தொட்டுப் பார்த்தாள்.

“இந்தக் குழாயை ஆர் அடைச்சது?”

“நான்தான்” என்றேன், பெருமையாக.

தோசை மா புளிக்க எங்கள் வீட்டில் சூடான இடம் அது ஒன்றுதான். என் மனைவி மரியரஞ்சனி மாச்சட்டியைத் தாங்கிக்கு அருகில் வைப்பாள். அந்தக் குழாய் சொட்டிச் சொட்டி மாவைக் கெடுத்தது. போன வருடம் பித்தளை மூடி வாங்கி, டேப் சுற்றி இறுக்கினேன். பிறகு ஒரு சொட்டு விழவில்லை.

நிலூஜா ஓடிப்போய் மின்சாரத்தை நிறுத்தினாள். குசினியில் சுடுதண்ணீரைத் திறந்துவிட்டாள். திரும்பி வந்தபோது அவள் முகம் வெளிறியிருந்தது.

“சூடாகிற தண்ணி பெருகும், அங்கிள். மிஞ்சின அமுக்கம் வெளியிலை போகத்தான் அந்தக் குழாய். சூட்டைக் கட்டுப்படுத்திற தெர்மோஸ்டாட் ஒருக்காப் பிழைச்சிருந்தால் தாங்கி வெடிச்சு இந்தச் சுவரையே கொண்டுபோயிருக்கும். சுவருக்கு அங்காலை என்ன இருக்கு?”

அங்கே மேரினின் அறை. என் மகளுக்குப் பத்து வயது. குளிருக்கு இதமாக இருக்கட்டும் என்று அவள் கட்டிலின் தலைமாட்டை அந்தச் சுவரோடு ஒட்டிப் போட்டவனும் நான்தான்.

“நீர் சொன்னதெல்லாத்தையும் போடும், பிள்ளை” என்றேன். இனிப் பயமில்லை என்று அவள் சொல்லியும் கேளாமல், போய்க் கட்டிலை அறையின் நடுவுக்கு இழுத்தேன்.

பள்ளிக்கூடத்தால் வந்த மேரின் வாசலில் நின்றாள்.

“ஏனப்பா கட்டிலை மாத்தினீங்கள்? இஞ்சை குளிருமே.”

மரியரஞ்சனி என்னைப் பார்த்தாள். நான் எதையும் ஒப்புக்கொள்கிற ஆள் இல்லை என்று அவளுக்குத் தெரியும்.

“அப்பா ஒரு பெரிய பிழை விட்டுட்டன், மகள்” என்றேன். அவள் தலையைத் தடவிக்கொண்டே நின்றேன்.