மூன்று டெசிபல் கூடுதல்

அரங்கின் ஒலி அளவைச் சரிபார்க்கப் போடும் சோதனை இரைச்சல் ஓடிக்கொண்டிருந்தது, அருவி கொட்டுவது போல ஒரே சீராக. நடு வரிசையில் மைக்கை நிறுத்திவிட்டு பிசெரா மீட்டரைப் பார்த்தாள். எண்பத்தைந்து காட்ட வேண்டிய இடத்தில் எண்பத்தெட்டு காட்டியது.

“பாத்தீங்களா? மூணு டெசிபல் கூட. நான் சொன்னா நம்பலையே!”

அவள் ஒலி சேர்த்த படம்தான் வர்னா திரைப்பட விழாவின் தொடக்கப் படம். இன்று மாலை திரையிடல். காலையில் ஓட்டிப் பார்த்தபோது படத்தில் ஒரு தட்டு விழுந்த சத்தத்துக்கே விழாத் தலைவி ஸ்லாத்தினா காதைப் பொத்திக்கொண்டாள். பழி யார் தலையில் என்பதுதான் அப்போதிலிருந்து பேச்சு.

அரங்கின் ஒலிப்பொறுப்பு ஸ்பாஸுடையது. ஒலிக் குமிழை ஏழில் வைத்துவிட்டால் எந்த ஊர்ப் படமும் எந்த அரங்கிலும் ஒரே அளவில் கேட்க வேண்டும், அதுதான் தொழில் வழக்கம். ஏழை விட்டு நகர்த்தச் சொன்னால் அவருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும்.

“என் இரைச்சலைப் போட்டா கரெக்டா எண்பத்தஞ்சு வருது, அம்மணி. ரெண்டு தடவை அளந்தாச்சு.”

“உங்களோடது எந்தக் காலத்துச் சரக்கோ! என்னோடது நானே கம்ப்யூட்டர்ல எழுதி எடுத்தது. உச்சத்துலேருந்து மைனஸ் இருபது. மயிரிழை பிசகாது.”

மடிக்கணினியில், அளவு சொல்லும் தன் கணக்குக்கு அவருடைய இரைச்சலைக் கொடுத்தாள். மைனஸ் இருபத்து மூன்று என்று வந்தது.

“இது மூணு குறைச்சல். குறைஞ்ச இரைச்சலை வச்சு அளந்தா ஆம்ப்ளிஃபையரைத் தூக்கித்தானே வைப்பீங்க?”

“போதும் ஸ்பாஸ்,” என்றாள் பக்கத்தில் நின்ற ஸ்லாத்தினா. “சாவியைக் குடுத்துட்டு வீட்டுக்குப் போ. வேற ஆளை வரச் சொல்றேன்.”

ஸ்பாஸ் சாவியைக் கழற்றிக் கொடுத்தார். ஸ்லாத்தினா போனை எடுத்தாள்.

பிசெராவுக்கு ஜெயித்த தெம்பு. ஆணி அடித்தாற்போல ஒன்றைக் காட்டிவிடலாம் என்று, உச்சம் வரை எழும் வெறும் விசில் சத்தம் ஒன்றை அதே கணக்கில் கொடுத்தாள். அதைத்தான் தொழிலில் எல்லோரும் பூஜ்யம் என்று வைத்துக்கொண்டு மற்றதை அதிலிருந்து எண்ணுவார்கள்.

பூஜ்யம் வரவில்லை. மைனஸ் மூன்று வந்தது.

அவளுடைய கணக்கு எண்ணத் தொடங்கியதே மூன்று மேலே தள்ளி, வேறு இடத்திலிருந்து. கூட்டல் கழித்தலில் பிழையில்லை, அடி எடுத்து வைத்த இடம்தான் தப்பு. ஸ்பாஸின் இரைச்சல் சரி. அரங்கு சரி.

ஸ்லாத்தினாவுக்கு இந்தக் கணக்கு எட்டாது. ஸ்பாஸ் இனி வாயைத் திறந்தாலும் எடுபடாது. மடிக்கணினியை மூடினால் கதை முடிந்தது. அவள் கை மூடியின் மேல்தான் இருந்தது. ஸ்பாஸ் கோட்டை மாட்டிக்கொண்டு கதவருகே போய்விட்டார். ஸ்லாத்தினாவின் போனில் மறுமுனை மணி அடிப்பது பிசெராவுக்குக் கேட்டது.

“போனை வைங்க,” என்றாள். “தப்பு என்னோடது.”

“என்ன உளர்றே?”

“என் இரைச்சல்தான் மூணு கூட. அதை வச்சு அளந்துதான் ஒலி சேர்க்கிற என் ரூம்ல ஸ்பீக்கரை இறக்கி வச்சிருக்கேன். அங்க சத்தம் பத்தலைன்னு படத்தை ஏத்திட்டேன். சாயங்காலத்துக்குள்ள மூணு இறக்கிக் குடுத்துடறேன். இவரைப் போகச் சொல்லாதீங்க.”

ஸ்லாத்தினா போனை அணைத்தாள். ஸ்பாஸ் திரும்பி வந்தார். முகத்தில் சிரிப்பில்லை.

“அந்த இரைச்சலை எப்ப எழுதினீங்க?”

“குளிர்காலத்துல.”

“ஏப்ரல்ல உங்க இன்னொரு படம் இங்க ஓடிச்சு. ஏழுல வச்சா மண்டையைப் பிளந்துது. அளந்தா அரங்கு சரியா இருக்கு. அப்போ என் காதுதான் போச்சுன்னு நினைச்சேன். டாக்டர் ஒண்ணுமில்லேன்னார், நான் நம்பலை. அன்னிலேருந்து ஒரு சத்தத்தையும் நான் நம்பலை, அம்மணி. இந்த விழாவோட வேலையை விட்டுடறேன்னு பொண்டாட்டிகிட்ட சொல்லிட்டேன்.”

பிசெரா மடிக்கணினியை அவர் பக்கம் திருப்பி, அந்த மைனஸ் மூன்றைக் காட்டினாள்.