ஷெர்லினின் பிடியரிசி

மண்ணூரில் ஷெர்லின், தன்னை அடக்கம் செய்த மறுநாள் காலையும் பிடியரிசி போட்டாள். மணி ஆறு பத்து. அடுப்புப் பக்கத்து எவர்சில்வர் தூக்கில் அரிசி விழும் சத்தம் கேட்டு அவள் கணவன் ஹேமந்த் எழுந்துபோய்ப் பார்த்தான். ஒரு பிடி அரிசி இருந்தது. அதன்மேல் நான்கு விரல்கள் அழுத்திய தடம் இருந்தது. சுண்டுவிரல் மட்டும் கொஞ்சம் உள்பக்கம் வளைந்திருந்தது. அவளுக்கு அப்படித்தான். நான்கு நாள் காய்ச்சல், ஐந்தாம் நாள் அடக்கம். அதற்காக ஒரு பழக்கம் நின்றுவிட வேண்டும் என்றில்லை. பக்கத்து வீட்டுத் தாயாரம்மாள், ஒரகடத்தில் ஹவுஸ்கீப்பிங் வேலை பார்ப்பவள், கிருத்திகை தவறாமல் வல்லக்கோட்டை முருகனைப் பார்ப்பவள், வந்து தூக்கை எட்டிப் பார்த்தாள். "அவ எந்த வேலைய பாதில வுட்டா, இத வுட?" என்று சொல்லிவிட்டு டிபன் பையைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடினாள்.

அந்த ஊர்க் கிறிஸ்தவப் பெண்கள் உலை வைக்குமுன் ஒரு பிடி அரிசியைக் கடவுளுக்கென்று தனியே எடுத்து வைப்பார்கள். ஞாயிற்றுக்கிழமை துணிப்பையில் கொண்டுபோய் ஆலயத்து மரப்பெட்டியில் கொட்டுவார்கள். ஆராதனை முடிந்ததும் அது இல்லாதவர்களுக்குப் போகும். அது வயல்கள் இருந்த காலம். பிறகு வயல்கள் பிரேக்கும் சீட்டும் கண்ணாடியும் செய்யும் கம்பெனிகள் ஆயின. பெண்கள் ஷிப்டுக்குப் போனார்கள். சோறு கேண்டீனில் என்றானது. ஞாயிறும் ஓ.டி. நாளானது. ஆராதனை இரண்டு மணி நேரத்திலிருந்து ஐம்பது நிமிடமாகச் சுருங்கியது. மரப்பெட்டியின் மூடிமேல் க்யூஆர் அட்டை ஒட்டினார்கள். யார்மேலும் குற்றமில்லை. ஷெர்லின் மட்டும் கடைசிவரை அரிசி கொண்டுபோனாள். ஒவ்வொரு பிடிக்கும் கண்ணை மூடி ஒரு பெயர் சொல்வாள். யாருக்காக அந்த ஜெபமோ அவர் பெயர். அந்த நேரத்தில் ஹேமந்த் ஷூவுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருப்பான். யார் பெயர் என்று ஒருநாளும் கேட்டதில்லை.

இரண்டு ஞாயிறு அவனே பையைக் கொண்டுபோனான். மூன்றாம் ஞாயிறு சபைச் செயலாளர் பிரவீனா வாசலில் நிறுத்தினாள். "தப்பா நினைச்சிக்காத ஹேமந்த். வண்டு வெச்சிடுது. வாங்கிக்கவும் ஆளு வர்றதில்ல. நீ ஸ்கேன் பண்ணிடேன்." சொல்லும்போது அவளுக்குக் கண் கலங்கியது. ஹேமந்துக்கு நிம்மதியாக இருந்தது. அரிசியை வீட்டுக்கே திருப்பிக் கொண்டுவந்தான்.

அவன் படித்தது மெக்கானிக்கல். வேலை, உதிரிபாகக் கம்பெனி ஒன்றில் தரச்சோதனை. இன்றைய தடத்தை நாளைய பிடி மூடிவிடுகிறது என்பதுதான் அவன் கண்ட குறை. அதனால் தினமும் வேறு பாத்திரம் வைத்தான். டம்ளர், கிண்ணம், டிபன் பாக்ஸ் எல்லாம் தீர்ந்தபின் கம்பெனியில் கழித்துப்போட்ட நீல பிளாஸ்டிக் ட்ரேக்களைக் கேட்டு வாங்கி வந்தான். ஒவ்வொரு பிடியையும் நிறுத்து, தேதியும் எடையும் எழுதி, தேறிய பாகங்களுக்குக் கட்டும் பச்சை டேக் கட்டி, கூடத்தில் தரையிலிருந்து கூரைவரை அடுக்கினான். ஒன்றிலும் வண்டு வைக்கவில்லை. வார விடுமுறை புதனுக்கு மாறியது. ஆலயத்துக்குப் போவதும் நின்றது. கூடத்தில் படுக்க இடமில்லாமல் போய், சமையலறையில் பாய் விரித்தான். வேலைக்குக் கிளம்புமுன் ஏதாவதொரு ட்ரேயை இறக்கி, தடத்துக்கு நேர்மேலே தன் கையைத் தொடாமல் பிடித்திருப்பான். அவனுக்கு அவ்வளவுதான் வேண்டியிருந்தது.

நூற்றி எண்பதாம் ட்ரேக்குப் பிறகு பிடி குறையத் தொடங்கியது. ஐம்பத்திரண்டு கிராம் இருந்தது நாற்பதானது, முப்பதானது, பதினொன்றானது. நான்கு விரல் தடம் இரண்டு விரலானது. "போட்டத எடுத்துனு போவாம அடுக்கி வெச்சிக்கினா, அவ இன்னாத்துக்குப்பா போடுவா?" என்றாள் தாயாரம்மாள். ஹேமந்த் தராசை மாற்றிப் பார்த்தான்.

மாடி அறையில் தெற்கிலிருந்து வந்த ஆறு ஒப்பந்தத் தொழிலாளர்கள் இருந்தார்கள். அந்த ஐப்பசியில் அவர்கள் வேலை பார்த்த கம்பெனி லைன் நின்றது. ஒரு புதன்கிழமை காலை அவர்களில் இசக்கிதுரை இறங்கி வந்தான். "அண்ணே, ரெண்டு நாளா மெஸ்ஸ பூட்டிட்டாவ. ஒரு ஒழக்கு அரிசி கெடைக்குமா? வேல வந்ததும் திருப்பிக் குடுத்துருதேன்."

"அரிசி இல்ல" என்றான் ஹேமந்த்.

அவன் தோளுக்குப் பின்னால் இருநூற்றி முப்பத்தாறு ட்ரேக்கள் இருந்தன. இசக்கிதுரை அவற்றைப் பார்த்தான். பச்சை டேக்குகளைப் பார்த்தான். "சரிண்ணே" என்று படியேறிப் போனான்.

மறுநாள் ஆறு பத்துக்குச் சத்தம் கேட்கவில்லை. ட்ரே காலியாக இருந்தது. ஏழு மணிக்குக் கம்பெனி பஸ் ஹாரன் அடித்துப் பார்த்துவிட்டுப் போனது. ஹேமந்த் காலி ட்ரேக்கு முன்னால் உட்கார்ந்திருந்தான். எட்டு மணிக்கு எழுந்து தாயாரம்மாள் வாசலில் காய்ந்த சாக்கை எடுத்துவந்து, ஒவ்வொரு ட்ரேயாகக் கொட்டினான். தடங்கள் கலைந்தன. முதன்முதலில் தனிப் பாத்திரத்தில் விழுந்த பிடியைக் கடைசிக்கு வைத்திருந்தான். அதில் மட்டும் கையை வைத்தான். பொருந்தவில்லை, அவன் கை பெரிது. அதையும் கொட்டினான்.

மாடியில் சமைப்பவன் உச்சிமாகாளி. சாக்கைப் பிரித்ததும் முதலில் ஒரு பிடி எடுத்து ஓரமாக வைத்தான். எதற்கு என்று ஹேமந்த் கேட்டான். "எங்கம்மை கோயில் கொடைக்கு எடுத்து வைப்பாண்ணே. பாத்துப் பாத்து, கை அதுவா போவுது." சோறு வெந்ததும் ஏழு தட்டு வைத்தார்கள். எட்டு மாதத்தில் ஹேமந்த் கேண்டீனுக்கு வெளியே சாப்பிட்ட முதல் சோறு அது. "நேத்து அரிசி இல்லன்னிய?" என்று இசக்கிதுரை சிரித்தான். ஹேமந்தின் வாயில் சோறு இருந்தது. அதை விழுங்கிவிட்டு, "இருந்துச்சு" என்றான்.

அடுத்த நாள் காலை ஐம்பத்திரண்டு கிராம் இருந்தது. அதன்பின் குறையவில்லை. ஹேமந்த் மறுபடி தூக்கையே வைத்தான். ஞாயிறு விடுமுறை கிடைத்தால் ஆலயத்துக்கும், கிடைக்காவிட்டால் புதனன்று மாடிக்கும் அரிசி போகிறது. மூன்று வருடமாகிறது. பிரவீனா க்யூஆர் அட்டையைச் சுவருக்கு மாற்றிவிட்டாள். பெட்டியில் இன்னும் நாலைந்து வீட்டு அரிசி விழுகிறது. லைன் திரும்ப ஓடியது. இசக்கிதுரை மணமாகி ஊரோடு போய்விட்டான். ஹேமந்த் உலை வைக்கக் கற்றுக்கொண்டான். ஆறு பத்துக்கு அவள் பிடி விழுந்ததும் ஒரு நிமிடம் பார்ப்பான். பிறகு பக்கத்தில் தன் பிடியைப் போட்டு ஒரு பெயர் சொல்வான். முதல் நாள் சொன்னது இசக்கிதுரையின் பெயர். அவள் சொன்ன பெயர்களில் தன் பெயர் இருந்ததா என்பது இன்றுவரை அவனுக்குத் தெரியாது. தினமும் அந்த ஒரு நிமிடத்தில் காது கொடுத்துப் பார்க்கிறான். அரிசிச் சத்தம் மட்டும் கேட்கிறது.

போன புதன்கிழமை, மாடிக்குப் புதிதாக வந்த மாரிசெல்வம் தூக்கை வாங்கி உள்ளே பார்த்தான்.

"ரெண்டு கைத்தடம் இருக்கேண்ணே. சின்னது யாருது?"

"என் வைஃபோடது."

"அக்கா உள்ள இருக்காவளா?"

"இல்ல. செத்து மூணு வருஷத்துக்கு மேல ஆச்சு."

மாரிசெல்வம் அரிசியைக் கையில் அள்ளி அளைந்து பார்த்தான். "ஒரு கல்லு கூட இல்லண்ணே" என்று சொல்லிவிட்டுக் களையப் போனான். உலை கொதித்துக்கொண்டிருந்தது.