மெக்கானிக் வந்திருந்த கூட்டம்

பம்புசெட் மெக்கானிக் காணாமல் போன மறு வருஷம், மனித உரிமைக் கொள்கை பற்றி அரசாங்கம் நடத்திய கருத்துக் கேட்புக் கூட்டத்தில் அவருடைய மனைவி மைக்கைப் பிடித்துப் பேசினாள். அவள் பேசிக்கொண்டிருந்த நேரம் முழுவதும் மெக்கானிக் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தார். கிணற்றில் தொழிற்சாலைக் கழிவு கலக்கிறது என்று நாலு பேர் காதில் விழும்படி சொன்னவர் அவர். சொன்ன வாரத்திலேயே, ஒரு தோட்டத்தில் மோட்டாரைக் கழற்றிக்கொண்டிருந்தபோது, ரெண்டு வார்த்தை பேசணும் என்று ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனார்கள். அப்படி ஒரு ஆளைக் கூட்டிவரவே இல்லை என்று காவல் நிலையத்தில் கையை விரித்தார்கள். இப்போது அதே கிரீஸ் படிந்த சட்டையோடு, காலில் செருப்பில்லாமல், யாரோ கூப்பிடுவார்கள் என்று காத்திருப்பவரைப் போல உட்கார்ந்திருந்தார். அவரைப் பார்த்ததும் அவளுக்கு அழுகை வந்தது, பேச்சு நின்றது. நாற்காலி காலி. திக்கித் திணறி மறுபடி ஆரம்பித்தாள். திரும்பவும் வந்தார். அழக் கூடாது என்று அந்த இடத்திலேயே அவளுக்குப் புரிந்துவிட்டது. ஆளுக்கு மூன்று நிமிடம்தான். குமாஸ்தா மணியடித்தார், மைக் அடுத்தவர் கைக்குப் போனது, மெக்கானிக்கும் போய்விட்டார்.

இதில் யாரும் பெரிதாக ஆச்சரியப்படவில்லை. பக்கத்தில் இருந்தவர்கள் மரியாதையாகக் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தார்கள், அவ்வளவுதான். அடுத்த மாதம் அவளுக்குப் பதில் வந்தது: காணாமல் போனதாகச் சொல்லப்படும் நபர் கூட்டத்துக்கு நேரில் வந்திருந்தபடியால் புகார் முடித்துவைக்கப்படுகிறது. அடித்துப்பிடித்து அலுவலகத்துக்கு ஓடினாள்.

"பேசி முடிச்சதும் போயிடறாரே ஐயா. வீட்டுக்கு வரலையே!"

"வர்றதும் வராததும் அவர் இஷ்டம்மா. குடும்ப விஷயத்துல நாங்க எப்படித் தலையிட முடியும்?" என்றார் குமாஸ்தா. நல்ல மனிதர்தான். உட்காரச் சொல்லித் தண்ணீர்கூடக் கொடுத்தார்.

அதற்குப் பிறகு வருஷங்கள் கூட்டங்களாகவே போயின. சிறைச் சீர்திருத்தம், குழந்தைகள் நலம், முதியோர் பாதுகாப்பு என்று அரசாங்கம் எதைப் பற்றிக் கருத்துக் கேட்டாலும் அவள் முதல் ஆளாக வரிசையில் நின்றாள். "இது மாற்றுத் திறனாளிகளுக்கான கூட்டம்மா" என்று ஒருமுறை தலைவர் தயங்கினார். "ஒரு கை போன மாதிரிதாங்க நானும் இருக்கேன்" என்றாள். பேசவிட்டார்கள். ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் படுக்கை விரிப்புகளை மடிக்கும்போதெல்லாம், அழுகை வராத வார்த்தைகளாகப் பொறுக்கி வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொள்வாள். வீட்டுச் சுவரைப் பார்த்துப் பேசிப் பார்த்தாள். காவல் நிலைய வாசலில் நின்று பேசிப் பார்த்தாள். அவர் வரவில்லை. அரசாங்கம் எதிரே உட்கார்ந்திருந்தால்தான் வந்தார். ஓடிப்போய் ஒருதரம் தொட்டுப் பார்க்கவும் வழியில்லை. மைக்கின் ஒயர் பின்வரிசை வரைக்கும் எட்டாது. மைக்கை விட்டால் அவர் இருக்க மாட்டார்.

வீட்டில் நாத்தனார் முகம்கொடுத்துப் பேசுவதில்லை. "போய்ச் சொல்லுங்க, போய்ச் சொல்லுங்கன்னு நீங்கதானே அண்ணி தூண்டிவிட்டீங்க?" என்று ஒரே ஒருமுறை கேட்டாள். அது உண்மைதான். அன்றிலிருந்து இரண்டு பேரும் ஒரே அடுப்பில் தனித்தனியாகச் சமைத்துக்கொண்டார்கள்.

பிறகு ஒரு அறிவிப்பு வந்தது. இனிமேல் கருத்துகளைக் கம்ப்யூட்டர் வழியாக அனுப்பினால் போதும், நேரில் நடக்கப்போவது இதுவே கடைசிக் கூட்டம். அதைப் படித்தவள் நாத்தனாரின் முன்னால் போய் நின்றாள். "இதை விட்டா உங்க அண்ணனைப் பார்க்க முடியாது. ஒரு தடவை வந்து பாரு. அப்புறம் என்னை என்ன வேணும்னாலும் சொல்லு."

கல்யாண மண்டபத்தில் நடந்த கூட்டத்தில் அன்று அவளுக்கு வார்த்தை வரவில்லை. பொறுக்கி வைத்ததெல்லாம் சிதறிப்போனது. மணி அடிப்பதற்கு முன்பே குரல் கம்மியது. மெக்கானிக்கின் பாதம் மறைந்தது, முழங்கால் மறைந்தது. அப்போதுதான் நாத்தனார் எழுந்து ஓடிவந்து அண்ணியின் கையிலிருந்து மைக்கைப் பிடுங்கினாள்.

"எங்க அண்ணன் எங்க? அதைச் சொல்லுங்க முதல்ல! தண்ணி கெட்டுப்போச்சுன்னு சொன்னது ஒரு குத்தமா?"

முழங்கால் திரும்ப வந்தது. மணி அடித்தது. பின்னால் நின்ற பஸ் கண்டக்டர் மைக்கை வாங்கினார். "என் நிலத்தைப் பத்திப் பேசத்தான் வந்தேன். அது கிடக்கட்டும். மெக்கானிக் எங்கேன்னு சொல்லுங்க." பாதம் வந்தது. அவருக்குப் பின்னால் ஒரு நர்ஸ், அவளுக்குப் பின்னால் ஒரு பெயின்டர். முதலில் மெக்கானிக், அப்புறம் தன் குறை. இத்தனை வருஷம் கூட்டத்துக்குக் கூட்டம் அவரைப் பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்தவர்கள்தான்.

மெக்கானிக்கின் மனைவி நடந்து பின்வரிசைக்குப் போனாள். பக்கத்தில் உட்கார்ந்தாள். அவர் கையைத் தொட்டாள். ஆழ்கிணற்றுக் குழாயைப் போலச் சில்லென்று இருந்தது.

"என்னங்க, எங்க இருக்கீங்க?"

"தெரியல. இருட்டா இருக்கு. கூட்டம் முடிஞ்சுதா?"

"இல்லைங்க. பேசிட்டு இருக்காங்க."

அப்போதுதான், நாற்காலி காலியாகிவிடுமோ என்ற பயமில்லாமல், அவள் அழுதாள்.

பேசுகிறவர் இருக்கும்வரை கூட்டம் முடிந்ததாக அறிவிக்கக் கூடாது என்று அரசாங்கமே ஒரு விதி வைத்திருந்தது. அதனால் அந்தக் கூட்டம் இன்னும் முடியவில்லை. தலைவர் ஓய்வு பெற்றுப் போனார், அடுத்த தலைவர் வந்து உட்கார்ந்தார். கல்யாணத்துக்கு வேறு மண்டபம் பார்த்துக்கொள்கிறார்கள். மெக்கானிக்கின் தலை நரைத்துவிட்டது. எங்கே என்ற கேள்விக்குப் பதில் இல்லை. வேலைக்குப் போகிறவர்கள் போகிற வழியில் உள்ளே நுழைந்து தங்கள் முறைக்குப் பேசிவிட்டுப் போகிறார்கள். அவளும் நாத்தனாரும் ஒரே பாத்திரத்தில் சமைத்து எடுத்துவருகிறார்கள். ஊரில் யாருக்காவது தொண்டை கட்டிக்கொண்டால், சளியா காய்ச்சலா என்று யாரும் விசாரிப்பதில்லை. "பேசிட்டு வந்தீங்களா?" என்றுதான் கேட்கிறார்கள்.