வாயில பறி

1

இந்தக் கதைக்குக் காரணம் ஒரே ஒரு வரி. அதை எழுதியது நானில்லை, கோர்ட் டைப்பிஸ்ட். நான்காவது பகுதியில் வரும்.

முதல் தொடக்கம்: "பழவேற்காடு ஏரியின் மேல் சூரியன் மெல்ல..."

அடித்துவிட்டேன். சூரியனுக்கு இந்த வழக்கில் சம்பந்தமில்லை.

இரண்டாவது: என் நைனா தருமன் இடுப்புத் தண்ணீரில் நின்று கையால் இறால் பிடித்துக்கொண்டிருந்தபோது சவாரி மோட்டார் போட் ஏறிச் செத்தார். பத்தடி தள்ளி அம்மா குப்பம்மா. பார்த்த ஒரே சாட்சி. ஓட்டிய ரஞ்சித், அது தன் போட்டே இல்லை என்கிறான். அம்மா சொல்வதைக் கோர்ட் நம்பாவிட்டால் அவன் வீட்டுக்குப் போய்விடுவான்.

2

அம்மாவின் சட்ட அறிவு முழுக்க டிவியில் மதியம் போடும் கறுப்பு வெள்ளைப் படங்கள். கூண்டில் தாய் பக்கம் பக்கமாகப் பேசுவாள். ஜட்ஜ் சுத்தியலால் தட்டுவார். கடைசி நிமிஷத்தில் யாரோ "நிறுத்துங்க!" என்று ஓடி வருவார்கள்.

நான் பி.காம். சட்டம் படிக்கவில்லை, ஆனால் பதினோரு வாய்தா பார்த்திருக்கிறேன். சுத்தியல் கிடையாது. ஓடி வந்து கத்தினால் போலீஸ்காரர் வெளியே தள்ளுவார். புதுசாக ஏதாவது சொல்லணுமா, மனு போடு.

"கனம் நீதிபதி அவர்களேன்னு ஆரம்பிக்கப் போறேன்" என்றது அம்மா.

"யம்மா, கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லு."

"அப்ப இன்னாத்துக்குடி கூண்டு?"

3

எதிர்த்தரப்பு வக்கீல் லோகநாதனை வில்லனாக்க ஆசை. முறுக்கு மீசை, கோணல் சிரிப்பு எல்லாம் எழுதிப் பார்த்தேன். பொய். மரியாதையாகத்தான் கேட்டார்.

"புருஷன் மேல போட் ஏறுது. நீங்க கத்துனீங்களாம்மா?"

"இல்ல சார்."

"கத்தலைன்னா பாக்கலைன்னுதானே அர்த்தம்?"

"வாயில பறி சார்."

(பறி என்றால் பனையோலைக் கூடை. இரண்டு கையும் சேற்றில் இறால் தேடும். அதனால் கூடைக் கயிற்றைப் பல்லில் கடித்துக்கொள்வோம். இதைச் சொல்ல அம்மாவுக்கு யாரும் நேரம் தரவில்லை. பறி தெரியாத மனுஷங்க இருப்பார்கள் என்று அம்மாவுக்கும் தெரியாது. வெளியே வந்துதான் என்னிடம் சொன்னது: "போட்ட பாத்ததும் பல்லு இன்னும் இறுகிப் போச்சுடி. தொறக்கவே வரல.")

4

அம்மாவின் சாட்சியத்தை டைப் அடித்த நகல் வாங்கிப் படித்தேன்.

"நான் கூச்சலிடவில்லை என்றால் சரிதான். என் வாய் பறிபோய்விட்டது."

படத்தில் வந்தால் தியேட்டரே அழும். அம்மா இப்படிச் சொல்லவே இல்லை. சாட்சியத்தைச் சாட்சிக்கு வாசித்துக் காட்டணும் என்று சட்டம் இருக்கிறது. வாசிக்கவில்லை. கைநாட்டு மட்டும் வாங்கிக்கொண்டார்கள்.

(எந்தக் கோர்ட் என்று போடவில்லை. எங்களுக்கு உதவும் வக்கீல் ஃபர்ஹத் அக்கா, "பேர் போட்டுப் பாரு, அடுத்த கேஸ் உன் மேலதான்" என்றார்.)

5

சாட்சியைத் திரும்ப அழைக்கச் சொல்லி மனு போட்டோம். ஏற்றுக்கொண்டார்கள். திங்கட்கிழமை. அம்மா பறியை எடுத்து வருமாம். "சொன்னா புரியல. காட்டிட்டுப் போறேன்."

முடிவு ஒன்று: பறியைப் பார்த்ததும் லோகநாதன் தலைகுனிகிறார், ஜட்ஜ் கண்ணாடியைக் கழற்றி... சீ.

முடிவு இரண்டு: வாசலிலேயே போலீஸ்காரர், "மீன் நாத்தம், வெளிய வை." நடக்கக்கூடியது இதுதான். எழுத மாட்டேன்.

அதனால் அம்மாவைப் பறியோடு கூண்டில் ஏற்றிவிட்டேன். அதுவரைதான் என்னால் முடியும். லோகநாதன் மறுபடி கேட்கிறார்: "ஏம்மா கத்தல?"

அம்மா கயிற்றைப் பல்லில் கடிக்கிறது. கையை விடுகிறது. கூடை தொங்குகிறது.

டைப்பிஸ்ட் நாற்காலியில் இப்போது நீங்கள். என்ன அடிப்பீர்கள்?